கிரகணம் விடும் முன் விழுந்த உலக்கை

எங்கள் வீட்டில் உலக்கை கிடையாது. நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் மிக்சிக்கும் கிரைண்டருக்குமே இடம் போதாது. இதில் உலக்கையை எங்கே வைப்பது? அதனால் சித்தியின் மாமியார் தன் ஊரான தொப்பம்பட்டியிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். என்னைவிட உயரமான உலக்கை. அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பழனியில் பஸ் மாறி, ஒட்டன்சத்திரம் வழியாக வந்து இறங்கினார். சீட்டுக்கு அடியில் படுக்கப் போடச் சொன்ன கண்டக்டரிடம், "படுக்க வெச்சா அதுக்கு மருவாதி இல்லீங்க தம்பி" என்று சொல்லி, திண்டுக்கல் வரை அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாராம். அன்று கிறிஸ்துமஸ். ஊர் முழுக்கக் கேக்கும் பிரியாணியுமாக இருந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த பரிசு அதுதான்.

மறுநாள் காலை சூரிய கிரகணம். எப்போதும் எங்கேயோ யாருக்கோ தெரியும் கிரகணம் இந்த முறை எங்கள் ஊருக்கு நேர் மேலேயே வருகிறது, நிலா குறுக்கே வந்து நிற்கும்போது சூரியனின் ஓரம் மட்டும் மோதிரம் மாதிரி மிஞ்சும் என்று பத்து நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரே அந்த மோதிரத்தைப் பார்க்கக் காத்திருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். காரணம் என் அம்மாவின் தங்கை, அதாவது சித்தி. அவளுக்கு அப்போது ஏழு மாதம். அவர்களுடைய அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கே வந்திருந்தாள்.

கிரகண வெளிச்சம் கர்ப்பிணி மேல் பட்டால் பிள்ளை உதடு பிளந்து மூளியாகப் பிறக்கும் என்பது தொப்பம்பட்டி அம்மாவின் உறுதியான நம்பிக்கை. சித்தியின் மாமியாரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். ஐம்பது வயதிருக்கும். மக்காச்சோள மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போடுகிற உடம்பு. யாரையும் திட்ட மாட்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் அதட்டுவதற்கும் 'ங்க' போட்டுத்தான் அதட்டுவார்கள். "கை கால மடக்காம படுங்க அம்மிணி", "கத்தி, அருவாமனை எதும் தொட்டுப்போடாதீங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னால், போலீஸ்காரர் சொன்ன மாதிரி வீடே அடங்கிவிடும். என் அம்மாவே, "சரிங்க அத்தே, சரிங்க அத்தே" என்று ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடியில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், கிரகணத்துக்கு அஞ்சாத குடும்பம். டீச்சர் எங்கிருந்தோ கிரகணக் கண்ணாடி ஒன்று வாங்கிவைத்திருந்தார். லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மொட்டைமாடிக்கு வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் கேக் கொடுக்க வந்தபோதே எனக்குப் பாடம் நடத்திவிட்டார். நிலா பூமியைச் சுற்றும்போது சில நாள் கொஞ்சம் கிட்டே வரும், சில நாள் கொஞ்சம் தள்ளிப் போகும். தள்ளி இருக்கிற நாளில் அதன் வட்டம் சிறிதாகத் தெரியும், சூரியனை முழுக்க மூடப் போதாது, அதனால்தான் ஓரத்தில் மோதிரம்.

"ஒம்பதரை மணிக்கு வந்துரு. மூணு நிமிசந்தான் தெரியும். விட்டா இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் காத்திருக்கணும்" என்றார்.

நான் ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு வயது. இன்னும் பன்னிரண்டு வருடம் என்றால் எனக்கு இருபத்துநான்கு ஆகியிருக்கும். அவ்வளவு கிழவியான பிறகு மோதிரம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

காலை எட்டு மணி சுமாருக்குக் கிரகணம் பிடித்தது. முன்னறையில், வாசல்படிக்கு உள்பக்கமாக, பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் தொப்பம்பட்டி அம்மா உலக்கையை நிறுத்தினார். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை பிடிமானம் இல்லாமல் தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். இது அவர் ஊர் வழக்கம் மட்டுமில்லை. எங்கள் தெருவிலேயே அன்று நான்கைந்து வீட்டு வாசலில் உலக்கை நின்றது. எங்களுடையது முதல் தடவை விழுந்தது, இரண்டாம் தடவையும் விழுந்தது. "இன்னும் செரியாப் புடிக்கலீங்க" என்று சூரியனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு மூன்றாம் தடவை நிறுத்தினார். நின்றது.

சித்தி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கை காலை நீட்டிப் படுத்திருந்தாள். அப்பா காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். அம்மா சித்திக்குத் துணையாக உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். தொப்பம்பட்டி அம்மா அடுப்படியில் முருகன் படம் போட்ட காலண்டருக்கு முன்னால் கண்ணை மூடி உட்காரப் போனார். போகும் முன் என்னை உலக்கைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"உழுந்தாக் கூப்புடுங்க கண்ணு. அது வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுங்க. தொடவுங் கூடாதுங்க."

"டிவியில பதினொரு மணிக்கு மேலதான் விடும்னு சொன்னாக" என்றேன்.

"டிவிக்காரனுக்கு என்னங்க தெரியும்? உலக்கை சொல்லும்."

எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. ஒரு உலக்கையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை புரியும். அது அசையவே இல்லை. அதன் அடியில் இருந்த இரும்புப் பூண் தட்டையாக இருந்தது. அப்படிப்பட்ட பூண் உள்ள உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மாடிப்படியில் பிள்ளைகள் ஓடி ஏறும் சத்தம் கேட்டது. மூன்றாவது வீட்டுப் பையன் வாசலில் நின்று, "ஏய், பாதி தின்னுருச்சு, வா!" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினான். வெளியே வெயில் வெளிறிக்கொண்டே வந்தது. சாம்பல் தண்ணீரில் நனைத்தெடுத்த துணி மாதிரி ஒரு வெளிச்சம். மணி ஒன்பது இருபத்தைந்து.

அப்போது எனக்கு வந்த யோசனையை யாரும் சொல்லித்தரவில்லை. உலக்கை விழுந்தால் என் காவல் முடிந்தது. விழுந்துவிட்டது என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடி, மோதிரத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மோதிரத்தைத் தவிர வேறு எதையுமே யோசிக்கவில்லை.

ஒரு விரலால் தள்ளினேன். ஆடிவிட்டு நேராக நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளங்கையால் தள்ளினேன். நான் "விழுந்துருச்சு!" என்று கத்தியது முதலில், உலக்கை விழுந்தது அப்புறம். தாம்பாளம் கணீரென்று அலறிப் புரண்டது. தண்ணீர் வாசல்படி வரை ஓடியது.

நான் ஒரு எட்டு வைப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. சித்தி வந்தாள். ஏழு மாத வயிற்றோடு அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. கொட்டிய தண்ணீரைத் தாண்டினாள், என்னைத் தாண்டினாள், செருப்புக்கூடப் போடாமல் நேராக வாசலில் இறங்கி முருங்கை மரத்தடியில் போய் நின்றாள்.

"சித்தி, வேணாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

மாடியில் பிள்ளைகள் ஒரே குரலில், "மோதிரம்! மோதிரம்!" என்று கத்தினார்கள். டீச்சரும் சேர்ந்து கத்தினார். நான் படிக்கட்டின் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தேன். ஏறவில்லை. மோதிரம் கீழேயே இருந்தது. முருங்கை இலைகளுக்கு நடுவே ஒழுகி விழும் வெளிச்சம் எப்போதும் பொட்டுப் பொட்டாக விழும். அன்று ஒவ்வொரு பொட்டும் ஒரு மோதிரம். தரை முழுக்க நூற்றுக்கணக்கான மோதிரங்கள். சித்தியின் மஞ்சள் நைட்டியில், தோளில், முழங்கையில், எல்லாவற்றுக்கும் மேலாக வயிற்றில். காற்றில் இலை அசையும்போதெல்லாம் அவை வயிற்றின் மேல் ஊர்ந்தன. சித்தி குனிந்து அவற்றைப் பார்த்தபடி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கடித்த இடத்தில் பதிந்த பல் தடம் மாதிரி இருந்தன அந்த வளையங்கள்.

தொப்பம்பட்டி அம்மா வெளியே வந்தார். தரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "அடிப் பாவி, உள்ள வாடி!" என்று அலறினார். அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. சித்தியைக் கட்டிப்பிடித்து, தன் முந்தானையால் வயிற்றை மூடி, தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனார்.

திரும்பி வந்து உலக்கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். தரையைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, உலக்கையை மறுபடி நிறுத்தி, இந்த முறை தானே எதிரே உட்கார்ந்துகொண்டார். பதினொன்றரை மணி சுமாருக்கு கேஸ் சிலிண்டர் லாரி தெருவில் குலுங்கிக்கொண்டு போனபோது அது விழுந்தது. அதையும் கிரகணக் கணக்கிலேயே சேர்த்து, எல்லோரையும் தலைக்குக் குளிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்கு எப்படிப் போனது என்று எழுத இன்றைக்கும் பிடிக்கவில்லை. தொப்பம்பட்டி அம்மா ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பிள்ளை பிறக்கும் நாளை அவர் அமாவாசையை வைத்துத்தான் சொல்வார். "தை அமாவாசை ஒண்ணு. மாசி அமாவாசை ஒண்ணு. அதையத் தாண்டுனா நம்ம கையில." நானும் நிலாவைப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாம் பிறை தெரிந்தால் அது நடுவில் கடிபட்டிருப்பதாகத் தோன்றும். பௌர்ணமியன்று கொஞ்சம் மூச்சு வரும், பூரணமாக இருக்கிறதே, பிள்ளையும் அப்படியே இருக்குமென்று. மறுநாளே ஓரம் கரைய ஆரம்பித்துவிடும். வாழ்க்கையில் வேறு யாரும் தேய்பிறையை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டார்கள்.

டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன். "கிரகணத்தால பிள்ளைக்கு எதாச்சும் ஆகுமா மிஸ்?"

"நிழல் பட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது பாப்பா. எல்லாம் சும்மா சொல்றது" என்று சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு அவர் மேலிருந்த நம்பிக்கையே போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கல் மாதிரி கனத்தது. சித்தி என்னைக் கூப்பிட்டு, வயிற்றில் கை வைத்து உதைக்கிறதா பார் என்பாள். ஹோம் ஒர்க் இருக்கிறது என்று ஓடிவிடுவேன். யாருமே சொல்லாமல் ஹோம் ஒர்க் செய்த காலம் அது ஒன்றுதான்.

தொப்பம்பட்டி அம்மா என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். இலையில் சோற்றோடு வெஞ்சனம் வைக்கும்போது ஒரு பார்வை, தலை பின்னும்போது ஒரு பார்வை. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சித்தியை ஏன் வெளியே விட்டீர்கள் என்று அம்மா கேட்டபோது, உலக்கை விழுந்துவிட்டதே என்று அவர் பதில் சொன்னதைக் கேட்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும். இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்று, "தண்ணி வேணும்" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலையில் சித்திக்கு வலி எடுத்தது. டீச்சர் சர்ச்சிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அவர் நெற்றியில் சாம்பலால் சிலுவை இருந்தது. தொப்பம்பட்டி அம்மா நெற்றியில் பழனி விபூதி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன்.

நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தொப்பம்பட்டி அம்மா கையில் கொடுத்தார். "பொம்பளப் புள்ள. பயப்படாதீக, ஆபரேசன் பண்ணிக்கலாம்" என்றார். பயப்படாதே என்று ஒருவர் சொன்னாலே பாதி உயிர் போய்விடும். தொப்பம்பட்டி அம்மா துணியை விலக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். மேலுதடு நடுவிலிருந்து இடது மூக்குத்துளை வரை இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த இடைவெளி வழியாக உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பிள்ளை அழுதபோது அது இன்னும் அகலமானது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அவளை வெளிய விட்டுருக்கக் கூடாதே. யாரு கண்ணு பட்டுச்சோ, யாரு செஞ்ச பாவமோ" என்று அழுதாள். எனக்குக் காதுக்குள் தாம்பாளம் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை.

"என்ற தப்புங்க" என்றார் தொப்பம்பட்டி அம்மா. "உலக்கையை நாந்தானுங்க கோணையா நிறுத்திப்போட்டேன். நேரா நின்னுருந்தா உழுந்துருக்காது. வேற ஆரையும் சொல்லாதீங்க. என்ற கையி செஞ்ச பாவம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஒரு பிள்ளை உதடு பிளந்து அழுதுகொண்டிருக்க, ஒரு பெண்பிள்ளை சுவரோரம் நின்று தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சை நினைத்துத்தான் பிறகு பல ராத்திரி தூக்கம் கெட்டது.

பிள்ளையால் பால் உறிஞ்ச முடியவில்லை. தொப்பம்பட்டி அம்மாதான் அதை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். ஒரு சங்கு பாலுக்கு முக்கால் மணி நேரம். கொஞ்ச நாளிலேயே கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மதுரையில் தைத்தார்கள். அதுவரை அந்தப் பிள்ளையை அவர் இடுப்பை விட்டு இறக்கவில்லை. வந்து பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளித்தால், "நான் செஞ்ச தப்புக்குப் புள்ள என்னங்க பண்ணும்?" என்பார். அமாவாசைக்கு அமாவாசை விரதம். பழனிக்கு முடி இறக்கினார். அவர் மொட்டைத் தலையோடு படியிறங்கி வந்த அன்று நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தது. உதட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது. என்னைக் கண்டால் "அக்கா, அக்கா" என்று காலைக் கட்டிக்கொள்ளும். நான் எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கோட்டைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

இப்போது நான் நர்சிங் முதலாம் ஆண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பில் கரு வளர்வதைப் பற்றிப் பாடம் நடந்தது. மேலுதடு கருவின் இரண்டாம் மாதம் முடிவதற்குள்ளேயே கூடிவிடும், அப்போது கூடாமல் போனால்தான் பிளவு என்று மேடம் படம் போட்டுக் காட்டினார். நான் டெஸ்குக்கு அடியில் விரல்விட்டு எண்ணினேன். கிரகணத்தன்று சித்திக்கு ஏழு மாதம். ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே எழுதி முடித்த உதடு. மறுபடி எண்ணினேன். வகுப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் வயிற்று வலியா என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமையே தொப்பம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சித்தி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்காமல் வகுப்பில் படித்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கிரகணம் காரணமே இல்லை, வெளிச்சம் பட்டதால் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துபோன விஷயம்.

சித்தி காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்டி" என்றாள்.

"எப்படி?"

"அஞ்சாம் மாச ஸ்கேன்லயே தெரிஞ்சுபோச்சு. டாக்டர் என்கிட்டயும் உன் சித்தப்பாகிட்டயும் படத்தைக் காட்டியே சொல்லிட்டாக. நாங்க யாருகிட்டயும் மூச்சு விடலை. சொன்னா வேணாம், கலைச்சுருங்கனு சொல்லுவாக. பொறந்த பொறகுன்னாலும், யாரு வழியில வந்துச்சுன்னு தேடுவாக. தேடி எங்க வந்து நிப்பாக? என்கிட்டத்தான். அம்மா அப்பா இல்லாதவ, கேக்க நாதியில்ல." அவள் ஒரு காயைப் பிரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். "அதான் கிரகணம்னதும் ஒரு யோசனை. பழியத் தூக்கி அது மேல போட்டுறலாம்னு. ஆனா கதவைச் சாத்திப் படுக்க வச்சுட்டாக. எப்படி வெளிய வாரதுன்னு கெடந்து தவிச்சேன். அப்பப் பாத்து உலக்கை விழுந்துச்சு. செல்லுல மணியப் பாத்தேன், இன்னும் முடியலைன்னு நல்லாத் தெரியும். அந்த முருகனே தள்ளிவிட்டான்னு நெனச்சு ஓடியாந்தேன்."

பையை இறக்கி வைத்துவிட்டு, தள்ளியது முருகன் இல்லை, நான் என்று சொன்னேன். சித்தி முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரிவாள்மனையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இம்புட்டு நாளா இதையா மனசுல வச்சிருந்த? கிறுக்கி" என்றாள். அவளும் அழுதாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தைகிட்ட மட்டும் இந்தப் படிப்பெல்லாம் சொல்லிறாத. அவுக பழியத் தன் மேல போட்டுக்குவாகன்னு நான் நெனைக்கவே இல்ல. எத்தனையோ நாள் சொல்லிறலாம்னு வாயெடுத்துருக்கேன். இன்னைக்குச் சொன்னா, நான் அன்னைக்கு வேணும்னே ஏமாத்துனேன்னு ஆயிரும். அதைத் தாங்க மாட்டாக."

தொப்பம்பட்டி அம்மா மக்காச்சோளக் காட்டிலிருந்து பிள்ளையோடு வந்தார். பிள்ளை என்னிடம் ஓடிவந்து பள்ளிக்கூடத்துக் கதையைக் கொட்டியது. சித்தி அவளைக் கை கால் கழுவக் கூட்டிப்போனாள். தொப்பம்பட்டி அம்மா எதிரே உட்கார்ந்து தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அமாவாசை விரதம் இருந்ததைச் சொன்னார். ஏனோ அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. படித்ததைத்தான் சொல்லக்கூடாது. செய்ததைச் சொல்லலாம். அந்தச் செயலுக்கு இப்போது எடையே கிடையாது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தோளிலிருந்து அதை இறக்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

"அம்மா, நீங்க உலக்கையைக் கோணலா நிறுத்தலை. நான்தான் தள்ளிவிட்டேன். மோதிரம் பாக்க ஆசைப்பட்டு."

அவர் முகம் மாறவில்லை. சும்மாட்டுத் துணியை நான்காக மடித்தார்.

"தெரியுமுங்க கண்ணு" என்றார். "கிரகணம் விடாம உலக்கை உழுகாதுங்க. டீச்சரம்மா மாடியில நின்னு மோதரம்னு கத்துனாங்க பாருங்க, அப்பவே தெரியும். ஆரோ தள்ளிருக்கோணும். அங்க உங்களையத் தவுத்து ஆருங்க இருந்தா?"

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரில..."

"பின்ன? உங்கம்மா ஆரு செஞ்ச பாவமோன்னு அழுதாங்க. நீங்க செவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னீங்க. மூஞ்சியில ரத்தமே இல்லீங்க. பன்னண்டு வயசுப் புள்ள அதையச் சுமந்துக்கிட்டு எங்கீங்க போகும்? என்ற தோளு மூட்டை தூக்குன தோளுங்க. தாங்கும்." எழுந்து துணியைக் கொடியில் போட்டார். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசமும் பாத்துக்கிட்டே இருந்தனுங்க. தண்ணி வேணும்னு கேட்டுப்போட்டுப் போயிட்டீங்க."

அந்தப் பார்வைகளை எல்லாம் நான் சந்தேகம் என்று நினைத்தேன். சாப்பாடு வைக்கும்போதும் தலை பின்னும்போதும் என்னைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று பயந்து, அவர் இருந்த அறையில் நில்லாமல் ஓடினேன். அவர் கண்டுபிடிக்க ஒன்றுமே பாக்கி இல்லை. கண்டுபிடித்ததை எப்படி என்னிடமிருந்து வாங்கிக்கொள்வது என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். அது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.